பழைய எக்ஸ்ரே படங்களை எறிய வேண்டாம் (சதையி எனும் கணைய வருத்தம் உள்ளவர்களின் வீட்டாருக்கு)

03 பங்குனி 2024, இரவு

போன கிழமை ஒரு அண்ணா கேட்டிருந்தார்: "மகளுக்குச் சதையியில் கல் என்று சொல்லிவிட்டார்கள். வீட்டில் ஒரு பை நிறையப் பழைய ரிப்போட் கிடக்குது. டொக்டர் எப்படியும் புதுசாக எடுக்கச் சொல்லுவார், இதையெல்லாம் கட்டி வைத்து என்ன பயன்?" பதில் எழுதத் தொடங்கி நீண்டு போனது, அதனால் தனியாகப் போடுகிறேன்.

எறியாதீர்கள் அண்ணா. ஒரு துண்டையும் எறியாதீர்கள்.

என் தம்பிக்கு 2007இல், 15 வயதில், வயிற்றுக் குத்து தொடங்கியது. நெஞ்சுக்குக் கீழே பிடித்து முதுகுக்குப் பாயும். முழங்காலைக் கட்டிக்கொண்டு குனிந்திருந்தால்தான் கொஞ்சம் அடங்கும். வாய்வு என்றார்கள், பூச்சி என்றார்கள், கடைசியில் ஒரு எக்ஸ்ரே எடுத்தார்கள். அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை, ஏனென்றால் அடுத்த வருடம் இடப்பெயர்வு. கிளிநொச்சியிலிருந்து தருமபுரம், விசுவமடு, பிறகு கடற்கரைப் பக்கம், பிறகு முகாம். கொப்பி, மருந்துத் துண்டு எல்லாம் வழியில் போயிற்று.

2014இல் திரும்ப மோசமாகி ஒரு கிளினிக்கில் காட்டினோம். ஸ்கானில் கல் தெரிந்தது. "குடிக்கிறவரா?" என்று கேட்டார்கள், இல்லை என்றான். கொப்பியில் மது என்று எழுதியிருந்தது. அதற்குப் பிறகு எந்த டொக்டர் அந்தக் கொப்பியைத் திறந்தாலும் முதல் வரி அதுதான். ஊரிலும் கதை பரவி, கசிப்பு குடித்துத்தான் இப்படி ஆனான் என்று சொன்னார்கள். இரண்டு வருடம் அவன் கிளினிக் பக்கமே போகவில்லை. வலியை வைத்துக்கொண்டு வீட்டிலேயே கிடந்தான்.

2019இல் காணி உறுதி தேடும்போது அம்மாவின் பைக்குள் அந்த 2007 எக்ஸ்ரே இருந்தது. பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்களோடு சேர்த்து மடித்து, இரண்டு பொலித்தீன் பைக்குள் சுற்றி வைத்திருந்தாள். அத்தனை இடம் ஓடியும் அந்தப் பையை அவள் கைவிடவில்லை. வேறொரு ஆஸ்பத்திரியில் காட்டினோம். அந்த டொக்டர் ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே படத்தைப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். முதுகெலும்புக்கு இரண்டு பக்கமும் உப்புக்கல் சிந்தினது மாதிரி வெள்ளைப் புள்ளிகள். "15 வயதிலேயே இவ்வளவு கல்லா?" என்றார். பழைய வரியை வெட்டி, பக்கத்தில் திகதி போட்டு, சின்ன வயதில் தொடங்கிய சதையி அழற்சி என்று எழுதினார்.

அன்றைக்குத்தான் தம்பிக்கு வைத்தியம் தொடங்கியது என்று நான் நினைக்கிறேன்.

04 பங்குனி 2024

காலையிலேயே இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள், எக்ஸ்ரே படத்தை எப்படிப் போனில் எடுப்பது என்று. நான் செய்தது இது.

லப்டொப்பில் வெறும் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து வெளிச்சத்தைக் கடைசிவரை கூட்டுங்கள். படத்தை நேரடியாகத் திரையில் ஒட்டினால் திரையின் புள்ளிகள் கோடு கோடாக விழும், நான் முதலில் எடுத்த பத்துப் படமும் அப்படித்தான் கெட்டுப்போனது. சோறு சுற்றுகிற வெள்ளை லஞ்ச் ஷீற் ஒன்றை நடுவே பிடித்து, திரையிலிருந்து நாலு விரல் தள்ளிப் படத்தை வைத்தால் அந்தக் கோடு போய்விடும். அறையை இருட்டாக்குங்கள். பிளாஷ் வேண்டாம். போனைச் சரிக்காமல் நேராகப் பிடித்து முழுப் படம் ஒன்று, பிறகு கால்வாசி கால்வாசியாக நாலு. மூலையில் பேரும் திகதியும் எழுதியிருக்கும், அதைத் தனியாக ஒன்று எடுங்கள். திகதி இல்லாத எக்ஸ்ரேயில் பாதிப் பயன்தான்.

எடுத்து முடிந்தது என்று படத்தை எறிந்துவிடாதீர்கள். பிலிமில் உள்ள நுணுக்கம் போன் படத்தில் வராது. போன் படம் கைக்காவல், அவ்வளவுதான்.

04 பங்குனி, பின்னேரம்

முக்கியமான ஒன்றை விட்டுவிட்டேன். வயிற்று ஸ்கானுக்குப் பிறகு தருகிற சின்னக் கறுப்பு வெள்ளைப் படம் இருக்கிறதே, பளபளப்பான தாள், அது சூட்டில் அச்சாகிற தாள். தன்பாட்டிலேயே மங்கிப்போகும். வெயில் பட்டால் இன்னும் கெதியாக. அதைத்தான் முதலில் ஸ்கான் செய்ய வேண்டும்.

தயவுசெய்து லமினேட் செய்யாதீர்கள். பத்திரமாக இருக்கட்டும் என்று அம்மா 2016 ஸ்கான் படத்தைக் கடையில் கொடுத்து லமினேட் செய்தாள். மெஷினுக்குள் போனது சதையி, வெளியே வந்தது முழுக் கறுப்பு. அந்தக் கறுத்த தாள் இன்னும் இருக்கிறது, எறிய மனமில்லை.

07 பங்குனி 2024

இந்தியாவிலிருந்து வாசிக்கிற ஒருவர் சதையி என்றால் என்ன என்று கேட்டிருக்கிறார். நீங்கள் கணையம் என்று சொல்வதுதான். எங்கள் பள்ளிக்கூடப் புத்தகத்தில் சதையி. நீங்கள் நொதி என்பதை நாங்கள் நொதியம் என்று படித்தோம்.

இது சின்ன விசயம் இல்லை. நான் பள்ளிக்கூட நூலகத்தைப் பார்த்துக்கொள்கிறவள், ஒரு பொருளுக்கு எந்தச் சொல்லைப் போட்டுப் பதிகிறோமோ அந்தச் சொல்லில்தான் அது திரும்பக் கிடைக்கும். சதையி என்று தேடினால் தமிழ்நாட்டில் எழுதினது ஒன்றும் வராது, கணையம் என்று தேடினால் எங்களுடையது வராது. தம்பியின் கோப்புகளுக்குப் பேர் வைக்கும்போது இரண்டையும் போடுகிறேன். பேரில் முதலில் வருடம், பிறகு மாதம், பிறகு நாள், பிறகு என்ன சோதனை. அப்படி வைத்தால் கொம்பியூட்டர் தானே காலவரிசையில் அடுக்கிவிடும்.

10 பங்குனி 2024

ஒன்றைத் திருத்த வேண்டும். முதல் குறிப்பை நான் கோபத்தோடு எழுதினேன், அதில் ஒரு உண்மையைச் சொல்லாமல் விட்டேன். தம்பி குடிக்கிறவன் இல்லை, ஆனால் 19 வயதிலிருந்து சிகரெட் பிடித்தான். புகையும் சதையியைக் கெடுக்கும், மது இல்லாவிட்டாலும் கெடுக்கும், இருக்கிற அழற்சியை வேகமாக்கும். 2019இல் அந்த டொக்டர் முதலில் விடச் சொன்னது அதைத்தான். 2020 மாசியில் விட்டான். இரண்டு தரம் திரும்பத் தொடங்கி, திரும்ப விட்டான்.

இன்னொன்று. அவன் குடிக்கவில்லை, குடிக்கவில்லை என்று நான் திரும்பத் திரும்பச் சொன்னதில், குடித்து இந்த வருத்தம் வந்தவர்களுக்கு வைத்தியம் குறைவாகக் கிடைத்தால் பரவாயில்லை என்பது போல ஒரு தொனி வந்துவிட்டது. போருக்குப் பிறகு எங்கள் ஊரில் எத்தனை பேர் எதை மறக்கக் குடித்தார்கள் என்று எனக்குத் தெரியும். வலி எல்லாருக்கும் ஒரே வலிதான். பதிலில் ஒரு அக்கா இதைச் சுட்டிக்காட்டினது சரி.

16 பங்குனி 2024

மரவள்ளிக்கிழங்கு தின்றுதான் இந்த வருத்தம் வருகிறதா என்ற கேள்வி. வரும் என்று தெரியும், வந்துவிட்டது.

1959இல் சுய்டெமா என்ற டொக்டர், இந்தோனேசியாவில் நல்ல சாப்பாடு இல்லாத ஏழைகளிடம் சதையிக் கல்லும் சீனி வருத்தமும் (நீரிழிவு) சேர்ந்திருப்பதை எழுதினார். அவர்கள் முக்கியமாகச் சாப்பிட்டது மரவள்ளி. பிறகு கேரளத்தில் கீவர்கீஸ் என்ற டொக்டர் நூற்றுக்கணக்கான நோயாளிகளைப் பார்த்து எழுதினார், அங்கேயும் மரவள்ளி. கிழங்கில் சயனைட்டாக மாறக்கூடிய ஒரு பொருள் இருக்கிறது, அதுதான் சதையியைத் தாக்குகிறது என்று ஒரு கருத்து எழுந்தது. வெப்பநாட்டுச் சதையி அழற்சி என்று இந்த வகைக்குப் பேரும் வந்தது.

ஆனால் அது நிரூபணமாகவில்லை. ஆபிரிக்காவில் நாள் தவறாமல் மரவள்ளி தின்கிற இடங்களில் இந்த வருத்தம் அந்த அளவுக்கு இல்லை, கிழங்கே தொடாதவர்களுக்கும் வருகிறது. 2000ஆம் ஆண்டில் ஸ்பிங்க் 1 என்ற மரபணுவில் உள்ள மாற்றத்துக்கும் இந்த வருத்தத்துக்கும் தொடர்பு கண்டுபிடித்தார்கள், பிறகு இந்தியா, வங்காளதேச நோயாளிகளில் பலரிடம் அதே மாற்றம் தெரிந்தது. சதையி தன் நொதியத்தால் தன்னையே செரித்துவிடாமல் தடுக்கிற ஒரு பூட்டு அந்த மரபணுவில் இருக்கிறது. பூட்டு தளர்ந்தவருக்கு வேறு ஏதோவொன்றும் சேரும்போது வருத்தம் தொடங்குகிறது என்றுதான் இப்போது எண்ணுகிறார்கள்.

பொருளாதாரத் தடைக் காலத்தில் வன்னியில் எங்களைக் காப்பாற்றியது அந்தக் கிழங்கு. அதன் மேல் பழி போட எனக்கு மனம் வரவில்லை. அம்மா அவிக்கிற விதம்: தோலும் உள்பட்டையும் உரித்து, வெட்டித் தண்ணீரில் ஊறப்போட்டு, மூடாமல் அவித்து, தண்ணீரை ஊற்றிவிடுவாள். சயனைட்டு வாயு 26 பாகையிலேயே ஆவியாகிற ஒன்று, மூடாமல் அவித்தால் மேலே போய்விடும். அவள் அதைப் படிக்கவில்லை, அவளுடைய அம்மா அப்படித்தான் செய்தாள்.

17 பங்குனி

இஞ்சி பற்றிக் கேட்ட தங்கச்சிக்கு: மரவள்ளி தின்ற அன்று இஞ்சி கூடாது என்று எங்கள் வீட்டிலும் விலக்குத்தான். பழக்கத்தை விடச் சொல்லவில்லை. தம்பியின் சதையிக்கும் அதற்கும் தொடர்பு இல்லை.

28 பங்குனி 2024

நொதிய மாத்திரை பற்றி நிறையப் பேர் கேட்டதால் கொஞ்சம் விரிவாக.

சதையி கெட்டால் கொழுப்பு செரிக்காது. மலம் எண்ணெய்ப் பசையாக, வெளிறி, மிதக்கும், தண்ணீர் அடித்தாலும் போகாது. வெட்கப்பட்டு இதை யாரும் டொக்டரிடம் சொல்வதில்லை, தம்பி ஏழு வருடம் சொல்லவில்லை. மலத்தில் எலாஸ்டேஸ் என்ற சதையி நொதியத்தின் அளவு பார்க்கும் சோதனை ஒன்று இருக்கிறது, ஒரு கிராமுக்கு 200 மைக்ரோகிராமுக்குக் கீழே என்றால் குறைவு. எங்களுக்குக் கொழும்புக்கு அனுப்பித்தான் செய்ய முடிந்தது.

கொழுப்பு கூடாது என்று யாரோ சொல்ல, அம்மா தேங்காயை அடியோடு நிறுத்தினாள். சொதி இல்லை, சம்பல் இல்லை, வெறும் சோறும் அவித்த மரக்கறியும். தம்பி 41 கிலோவுக்கு இறங்கினான். இப்போதைய வழிகாட்டல்கள் வேறு மாதிரிச் சொல்கின்றன: கொழுப்பை வெட்டாமல், செரிக்கிற அளவுக்கு நொதியத்தைக் கொடு. பெரிய சாப்பாட்டுக்கு 40,000 முதல் 50,000 அலகு லைப்பேஸ் (கொழுப்பைச் செரிக்கிற நொதியம்), சின்னச் சாப்பாட்டுக்கு அதில் பாதி. இது பொதுக்கணக்கு, உங்கள் அளவை உங்கள் டொக்டர்தான் சொல்ல வேண்டும்.

முதலில் நாங்கள் பிழையாகக் கொடுத்தோம். மற்ற மருந்து மாதிரிச் சாப்பிட்டு முடித்து அரை மணித்தியாலம் கழித்து. அப்படிக் கொடுத்தால் சாப்பாடு முன்னுக்குப் போய்விடும், நொதியம் பின்னால் போய் வீண். முதல் கவளத்தோடு ஒன்று, நடுவில் மற்றது. கடிக்கக் கூடாது, உள்ளே இருக்கிற சின்ன மணிகளை வயிற்றமிலத்திலிருந்து காக்கிற பூச்சு உடைந்துவிடும்.

பெட்டியில் 25 பாகைக்கு மேல் வைக்காதே என்று போட்டிருக்கிறது. எங்கள் ஊர்ச் சித்திரை வெயிலில் அலுமாரிக்குள் அது நடக்குமா? மண் முட்டிக்குள் ஈர மணல் போட்டு, நடுவில் போத்தலை இறுக்க மூடி வைக்கிறோம், இன்சுலினும் அதற்குள்தான்.

இந்த மாத்திரை பன்றியின் சதையியிலிருந்து எடுப்பது. முல்லைத்தீவிலிருந்து எழுதின சகோதரிக்கு இது தெரிந்திருக்க வேண்டும் என்பதால் சொல்கிறேன், டொக்டரோடும் உங்கள் மார்க்க அறிஞரோடும் கதைத்து முடிவெடுங்கள்.

தேங்காய்ப்பால் வீட்டுக்குத் திரும்பி வந்தது. போன மாதம் தம்பி 51 கிலோ.

02 சித்திரை 2024

வலிக்கு விற்றமின் மாத்திரை உதவும் என்று முன்பு ஒருவருக்கு எழுதின பதிலில் சொல்லியிருந்தேன். அவசரப்பட்டுச் சொல்லிவிட்டேன். டெல்லியில் 127 பேரை வைத்துச் செய்த ஆய்வு (2009) ஒன்றை மட்டும் வாசித்துவிட்டு எழுதினேன், அதில் வலி வந்த நாட்கள் குறைந்தன. பிறகு மான்செஸ்டரில் 70 பேரை வைத்துச் செய்ததை (2012) வாசித்தேன், அதில் வித்தியாசமே இல்லை. டெல்லியில் பெரும்பாலோர் காரணம் தெரியாமல் இளம் வயதில் வந்தவர்கள், மான்செஸ்டரில் பெரும்பாலோர் மதுவால் வந்தவர்கள். ஆக, எங்கள் பிள்ளைகளுக்குப் பொருந்தலாம், பொருந்தாமலும் விடலாம். தம்பிக்கு ஆறு மாதம் கொடுத்தோம், நாட்குறிப்பைப் பார்த்தால் வலி நாட்கள் அப்படியே. நிறுத்திவிட்டோம்.

அந்த நாட்குறிப்பு இல்லையென்றால் "கொஞ்சம் குறைந்த மாதிரி இருக்குது" என்று சொல்லிக்கொண்டு இன்னும் வாங்கிக்கொண்டிருப்போம்.

19 சித்திரை 2024

அண்ணாவுக்குத் திரும்ப எழுதுகிறேன். மகளுக்குச் சத்திரசிகிச்சை பற்றிக் கதைக்கிறார்கள் என்றீர்கள்.

நெதர்லாந்தில் இரண்டு ஆய்வு நடந்தது. 2007இல் வந்ததில் 39 பேர்: வாய்வழியாகக் குழாய் விட்டுச் சதையிக் கான் (சதையிச் சாறு குடலுக்குப் போகிற வழி) அடைப்பை எடுத்தவர்களில் 32 வீதத்தினருக்கு வலி ஓரளவாவது அடங்கியது, வெட்டித் திறந்து கானைக் குடலோடு இணைத்தவர்களில் 75 வீதத்தினருக்கு. 2020இல் வந்ததில் 88 பேர்: ஒரு பாதிக்கு முன்கூட்டியே சத்திரசிகிச்சை, மறுபாதிக்கு மருந்து, பிறகு குழாய், பிறகுதான் தேவையென்றால் கத்தி. 18 மாதத்தில் வலி மதிப்பெண் முதல் பக்கத்தில் 37, மற்றப் பக்கத்தில் 49. குறைவாக இருப்பதுதான் நல்லது.

நான் வாசித்து வாசித்து நின்ற இடம் வேறு. இரண்டாவது ஆய்வில் சேர்த்தது அபின் வகை வலிமருந்து தொடங்கிக் கொஞ்சக் காலமே ஆனவர்களை மட்டும், கடும் மருந்தென்றால் இரண்டு மாதத்துக்குள். வருடக்கணக்கில் வலி ஓடினால் நரம்பே வலியைப் பழகிவிடுகிறது, பிறகு சதையியைச் சரிசெய்தாலும் வலி போகாமல் இருக்கலாம். ஆகவே டொக்டர் கேட்கப்போகிற கேள்வி: எப்போது தொடங்கியது, எந்த மாதம் எந்த மருந்து, எவ்வளவு? தம்பி விசயத்தில் ட்ரமடோல் என்ற அந்த வகை மருந்து 2015இல் தொடங்கியதா 2017இல் தொடங்கியதா என்று எங்களால் சொல்ல முடியவில்லை. மூன்று பேர் மூன்று வருடம் சொன்னோம். அந்த மருந்துத் துண்டை நான்தான் குப்பையில் போட்டிருக்க வேண்டும், வீட்டைக் கூட்டுகிறது நான்தானே.

உங்களிடம் பை நிறைய இருக்கிறது அண்ணா. தரையில் பரப்பி, வருட வாரியாக அடுக்கி, ஒரே பக்கத்தில் எழுதிக்கொண்டு போங்கள். வெட்டுவதா இல்லையா என்று நான் சொல்ல முடியாது, அந்தப் பக்கம் டொக்டருக்கு உதவும்.

20 சித்திரை

மகளுக்குச் சீனி இன்னும் வரவில்லை என்றால் வருடத்துக்கு ஒரு தரமாவது பார்த்துக்கொண்டிருங்கள். சதையியால் வருகிற சீனி வருத்தம் மற்றது மாதிரி இல்லை. இன்சுலின் சுரக்கிறதும் போகும், சீனி இறங்கும்போது ஏற்றிவிடுகிற சுரப்பும் போகும், அதனால் திடீரென்று இறங்கி மயக்கம் வரும். தம்பி ஒரு தரம் இரணைமடுக் குளக்கட்டில் சைக்கிளோடு விழுந்தான். பையில் எப்போதும் இனிப்பு இருக்க வேண்டும்.

05 வைகாசி 2024

பழைய பதிவுகளைத் திறக்க முடியவில்லை என்று எழுதினவருக்கு. 2012இல் தம்பியின் வலிக் குறிப்பை நானே பாமினி எழுத்துருவில் அடித்து வைத்திருந்தேன். போன வருடம் புது லப்டொப்பில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக ஒரு குவியல். கோப்புக் கெடவில்லை. அந்தக் காலத்தில் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் உருவத்தை வரைந்து வைத்தார்கள், அந்த எழுத்துரு இல்லாத மெஷினுக்கு அது தமிழ் என்றே தெரியாது. மாற்றித் தருகிற இலவசப் பக்கங்கள் இருக்கின்றன, யுனிகோடுக்கு மாற்றி, பி.டி.எஃப்-ஏ ஆகச் சேமியுங்கள். அந்த வகையில் எழுத்துரு கோப்புக்குள்ளேயே இருக்கும். மாற்றின பிறகு ஒரு தரம் வாசித்துப் பாருங்கள். எனக்கு இரண்டு இடத்தில் இலக்கம் பிசகியிருந்தது.

சி.ரி. ஸ்கானுக்குத் தருகிற சீடியை அப்படியே முழுதாகக் கொப்பி எடுங்கள், படத்தை மட்டும் எடுக்காதீர்கள். டைகொம் என்ற வடிவத்தில் படத்தோடு திகதியும் அளவும் சேர்ந்திருக்கும், கல் எத்தனை மில்லிமீற்றர் வளர்ந்தது என்று பிறகு ஒருவர் அளக்கலாம். சீடி நம்பிக்கையான பொருள் இல்லை, இப்போது வருகிற லப்டொப்பில் அதைப் போட இடமும் இல்லை.

மூன்று கொப்பி, இரண்டு வகைப் பொருளில், அதில் ஒன்று வேறு ஊரில். நூலக வேலை செய்கிறவர்கள் எல்லாரும் சொல்வது இதுதான். எங்களுக்கு லப்டொப்பில் ஒன்று, பென் டிரைவில் ஒன்று, வவுனியாவில் சித்தி வீட்டில் ஒன்று. வருடத்துக்கு ஒரு தரம் தைப்பொங்கலுக்குப் போகும்போது திறந்து பார்த்து மாற்றுகிறேன்.

06 வைகாசி

"வேறு ஊரில்" என்பதை ஏன் இவ்வளவு அழுத்துகிறேன் என்று கேட்டிருக்கிறீர்கள். 1981இல் எரிக்கப்பட்டபோது யாழ்ப்பாண நூலகத்தில் 97,000 அளவில் புத்தகமும் சுவடியும் ஒரே கட்டடத்துக்குள் இருந்தன. 2005இல் தொடங்கின நூலகம் இணையத்தளத்தில் இன்று எங்கள் பழைய புத்தகம், பத்திரிகை, கோயில் மலர் எல்லாம் வாசிக்கக் கிடைப்பது, அந்த இழப்பை மறக்காதவர்கள் உட்கார்ந்து பக்கம் பக்கமாக ஸ்கான் செய்ததால்தான். புத்தகத்துக்கு அவர்கள் இருக்கிறார்கள். அம்மாவின் பைக்குள் இருக்கிறதுக்கு நாங்கள்தான்.

ஆனால் நோய்ப் பதிவு பொதுவில் போடுகிற பொருள் இல்லை. பேர், அடையாள அட்டை இலக்கம் தெரிகிற படத்தை இங்கே போட்டிருந்த தம்பி, தயவுசெய்து எடுத்துவிடுங்கள். பென் டிரைவுக்குக் கடவுச்சொல் போடுங்கள், போட்டதை வீட்டில் இன்னொருவருக்கும் சொல்லி வையுங்கள்.

30 ஆனி 2024

நாள் ஆகிவிட்டது, மன்னிக்கவும். தம்பிக்குச் சத்திரசிகிச்சை வைத்தியரைப் பார்க்கத் திகதி கிடைத்து, போய்வந்தோம். ஒரு பக்கத்தில் எழுதின காலவரிசையைக் கொடுத்தேன். நின்றுகொண்டே முழுவதும் வாசித்தார், பிறகு கதிரையை இழுத்து இருந்து திரும்ப வாசித்தார். கான் 9 மில்லிமீற்றருக்கு வீங்கியிருக்கிறது, வடித்துவிடலாம், ஆனால் இத்தனை வருட வலிக்குப் பிறகு முழுக்கப் போகும் என்று வாக்குத் தர முடியாது என்றார். நேராகச் சொன்னதற்கு நன்றி சொன்னேன். ஆவணியில் திரும்பப் போக வேண்டும்.

எக்ஸ்ரே எங்கே என்று கேட்டார். கொடுத்தோம். தம்பி அவரிடம், "அது நான் பள்ளிக்கூடம் போகேக்க எடுத்தது சேர்" என்றான்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கையை நீட்டினாள். படத்தைத் துடைத்து, பழைய மடிப்பிலேயே மடித்து, இரண்டு பொலித்தீனுக்குள் போட்டு, பைக்குள் வைத்தாள்.